பச்சை நாற்காலி

அன்று காலை செங்குளத்தூர் அரசு ஆஸ்பத்திரியின் சிறுகாயப் பிரிவில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததெல்லாம் அந்த உட்கார்ந்த வரிசையால் வந்த வினைதான்.

வாசலை ஒட்டிய சுவரோரம், தோள்பட்டை இறங்கிப்போன இசக்கிராசா நீல நாற்காலியில் இருந்தான். அவனுக்கு வலப்பக்கம், பச்சை நாற்காலியில், தம்பி சுடலைமுத்து. இருவருக்கும் பின்னால், உட்கார இடம் கிடந்தும் உட்காராமல், இசக்கிராசாவின் பெண்டாட்டி பூமாரி. ஜன்னலுக்குக் கீழே இன்னொரு நீல நாற்காலியில் பேச்சித்தாய். டீக்கடைப் பாய்லர் ஆவி அடித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்த கையை ஈரத்துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்துப் பச்சை நாற்காலி காலி. அவளுக்கு நேர் எதிரே, குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஆவுடையப்பன். அவருக்குப் பக்கத்துப் பச்சை நாற்காலியும் காலி. சிஸ்டர் ஜெசிந்தா திரைக்கு உள்ளும் புறமுமாக நடந்துகொண்டிருந்தாள். டாக்டர் ஒருவர் உண்டு. அவர் பெரிய காயப் பிரிவுக்குப் போனவர் போனவர்தான், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீலம் நோயாளிக்கு. பச்சை பங்காளிக்கு. ஒவ்வொரு ஜோடி நாற்காலிக்கும் நடுவே டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு பட்டைகள். ஒன்றை இவர் கையில் கட்டுவார்கள், இன்னொன்றை அவர் கையில்.

ஆவுடையப்பன் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் என்று ஒன்று வரும் வரும் என்றிருந்து வராமலே போய்விட்டது. காலையில் சுரண்டை வண்டி கிளம்பும்போது, ஓடிவந்த பெண்ணொருத்தியை ஏற்றிவிடலாம் என்று மூடிக்கொண்டிருந்த தானியங்கிக் கதவுக்குள் கையை நுழைத்தார். அவள் ஏறிவிட்டாள். அவருடைய நடுவிரல் கதவிடுக்கில் நசுங்கி நகம் பாதி பெயர்ந்தது. விசிலை இடக்கைக்கு மாற்றி, வண்டியை அனுப்பிவிட்டுத்தான் விரலைப் பார்த்தார்.

சின்னக் காயம்தான். கத்தினால் ஊர் சிரிக்கும். கத்தாவிட்டால் உயிர் போகும். விரல்நுனியில் விண் விண்ணென்று தெறித்த வலி முழங்கை, தோள், காதடி என்று ஏறி, மறுபடி விரலுக்கே இறங்கி வந்து உட்கார்ந்தது. யாரிடமாவது "வலிக்குது" என்று ஒரு தடவை சொன்னால் போதும் போலிருந்தது. சொல்லுமளவுக்குப் பழக்கமானவர் யாரும் அந்த அறையில் இல்லை.

வாசலில் பேசும் இயந்திரம் அவரிடம் கேட்டிருந்தது: "உங்கள் பங்காளி யார்?"

இதென்ன கேள்வி என்று அவருக்குத் திகைப்பு. கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே முறை என்று, "பெரியப்பா மகன் கோமதிநாயகம், மேலக்கரை. ஆனா பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். இயந்திரம் "நன்றி" என்றது. அதற்குப் பெயர்தான் தேவை, பேச்சுவார்த்தை தேவையில்லை.

"ஊசி ஒண்ணு போட்டு விட்டா என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் சுடலைமுத்து.

சிஸ்டர் ஜெசிந்தா அவன் கையில் பட்டையை இறுக்கினாள். மெட்ராஸில் ராயபுரத்துப் பெண். இங்கே மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "மரத்துப்போற மருந்துக்கு அவ்ளோ தட்டுப்பாடுங்க. கெடைக்கிறது பெரிய ஆபரேசனுக்கே பத்தல. சின்னக் காயத்துக்கு இதான். வலிய அழிக்க முடியாது, பங்கு போடலாம். அவருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி."

"அப்ப எனக்கும் தோளு எறங்கிருமா?"

"வலி மட்டுந்தான் வரும். உங்க தோளு உங்களாண்டயேதான் இருக்கும்."

அவள் திரைக்குள் போனதும் பூமாரி ஆரம்பித்தாள். "தாலி கட்டுனவ குத்துக்கல்லாட்டம் நிக்கேன். தம்பி வந்துதான் வாங்கணுமாக்கும்?"

"நீ என்ன பங்காளியா?" என்றான் இசக்கிராசா பல்லைக் கடித்துக்கொண்டு. "வாசல்ல மிசினு என்ன கேட்டுச்சு? பங்காளி யாருன்னு கேட்டுச்சு. பொண்டாட்டி யாருன்னா கேட்டுச்சு?"

"காலு உளையுது, அமுக்குன்னு சொல்லும்போது மட்டும் நான் பங்காளி."

"மயினி, நீங்க பேசாம இரிங்க. அண்ணன் எப்பவும் இப்படித்தான், முள்ளு குத்துனா ஈட்டி குத்துனாப்புல கத்துவான்" என்று சுடலைமுத்து சிரித்தான்.

சிஸ்டர் வந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது. அடுத்த நொடி சுடலைமுத்து போட்ட சத்தத்தில் குழாயடியில் இருந்த காக்கை பறந்தது. இசக்கிராசாவின் முகம் மட்டும் மெல்ல மெல்ல இளகியது.

"ஏ அண்ணே," என்றான் சுடலைமுத்து, குரலே மாறி. "இதையா காலையில இருந்து வச்சிக்கிட்டு இருந்த?"

"பின்ன?"

"நான் என்னமோன்னுல்லா நெனச்சேன்." தம்பி தன் துண்டை எடுத்து அண்ணன் நெற்றியைத் துடைத்துவிட்டான்.

சிஸ்டர் இசக்கிராசாவின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, மேலே தூக்கி, ஒரு தள்ளுத் தள்ளினாள். தோள் 'களுக்' என்று உள்ளே போயிற்று. "யம்மா!" என்று இரண்டு வாயிலிருந்து ஒரே சமயத்தில் ஒரே குரல் வந்தது. பூமாரி இரண்டு பேர் முதுகிலும் கை வைத்திருந்தாள். "பெத்தவ மேலோகத்துல ரெண்டு தடவை புரை ஏறி இருமியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே அவர்களைக் கூட்டிப் போனாள்.

அந்தச் சுவரோரம் வெறிச்சென்று ஆயிற்று. இப்போது அறையில் எதிரும் புதிருமாக இரண்டு பேர், அவர்கள் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலிகள்.

எவ்வளவு நேரம்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்க்காதது போல் இருப்பது? பேச்சித்தாய்தான் வாயைத் திறந்தாள். "உங்களுக்கும் ஆளு வரலியா அண்ணாச்சி?"

"பங்காளி இருக்கான். பேச்சு இல்லை."

"சொத்துத் தகராறா?"

"சொத்து எங்க கெடக்கு? கோயில் கொடையில கெடாக்கறிப் பங்கு. கல்யாணம் முடிக்காதவன் தலைக்கட்டு ஆக மாட்டான், அதனால அரைப் பங்குன்னுட்டாவ. எனக்கு எவன் அரைப்பங்கும் வேண்டாம்னு இலையோட வச்சிட்டு வந்துட்டேன்."

"அதுக்கா பேச்சு நின்னுச்சு?"

"அதுக்கு இல்லை. அப்போ எங்க பெரியப்பா மகன் அண்ணன் கோயில் முன்னால நின்னு ஒரு சொல்லு சொன்னான். இனிமே உன் சாவுக்கு எனக்குத் தீட்டு இல்லன்னு."

பேச்சித்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் அறுத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பங்காளிகள் வெட்டிக்கொள்ளலாம், குத்திக்கொள்ளலாம். ஒருத்தன் செத்தால் மற்றவன் தலைமுழுகி அடுப்பை அவித்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தீட்டும் இல்லையென்றால் பிறகு என்ன இருக்கிறது?

"உனக்கு யாரும் இல்லையாம்மா?"

"பொம்பளைக்கு ஏது அண்ணாச்சி பங்காளி?" அவள் சிரிக்கப் பார்த்தாள், கை இழுத்ததால் சிரிப்பு பாதியில் நின்றது. "பொறந்த வீட்டுப் பங்கு கட்டிக் குடுத்த அன்னைக்கே போச்சு. கட்டுன வீட்டுல, அவரு இருக்க வரைக்கும் அவருக்குப் பங்காளிமாரு இருந்தாவ. அவரு போனாரு, அவியளும் போனாவ. மிசினு கேட்டுச்சு. இல்லன்னுட்டேன். மகளுக்குப் போன் பண்ணட்டான்னு நெனச்சேன். அவ திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடக்கா. அதுவும் பொட்டப்பிள்ளை. அதுவா பங்காளி?"

"ரொம்ப எரியுதா?"

"காந்துது." கொஞ்சம் யோசித்து, "மொளகாய அரைச்சு அப்புனாப்புல. உங்களுக்கு?"

"தெறிக்கி."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் அந்த 'தெறிக்கி' என்ற சொல்லைச் சொன்ன பிறகு, தெறிப்பு இருந்தபடியே இருந்தும், ஆவுடையப்பனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

சிஸ்டர் திரையை விலக்கினாள். "பேச்சித்தாய்! பங்காளி யாராவது வந்தாங்களாம்மா?"

"இல்லம்மா."

"யாருமே இல்லியா?" என்று கேட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை ஆவுடையப்பன் மேல் வந்து நின்றது. வேதனையில் இருக்கும் பெண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது அழகில்லை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி வாங்க. மெதுவா பண்றேன்."

திரைக்குப் பின்னால் வெந்த தோலை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். பேச்சித்தாய் கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. உள்ளே இழுத்த மூச்சு மட்டும் கேட்டது, சூடான இரும்பில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விழுவது மாதிரி. நடுவில் ஒருதரம், யாரையும் கூப்பிடாமல், "ஆத்தாடி... ஆத்தாடி" என்றாள். ஆவுடையப்பன் எதிரே இருந்த பச்சை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உட்கார அவளுக்கு ஒரு பங்காளி இல்லாமல் போயிற்றே என்று மனம் அடித்துக்கொண்டது. தன் விரலை அவர் ஒரு நிமிஷம் மறந்தேபோனார்.

கட்டுப் போட்டு வெளியே வந்தவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "வாரேன் அண்ணாச்சி. கடையில ஆளு இல்லை" என்றாள்.

"கைய மேல தூக்கி வச்சுக்கம்மா" என்றார்.

அவள் போன வாசல் வழியாகத்தான் கோமதிநாயகம் வந்தார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை கிடையாது, ஈர வேட்டி, தோளில் ஈரத்துண்டு, நெற்றியில் திருநீறுகூட இல்லை. அறுபது வயதுக்காரர் ஓடி வந்ததில் நெஞ்சு ஏறி இறங்கியது. உள்ளே நுழைந்தவர் நேராகத் திரையைப் பார்த்துப் போனார். பாதி வழியில் குழாய் பக்கம் கண் போயிற்று. நின்றார்.

"ஏல."

ஆவுடையப்பன் எழுந்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"நீ சாகலையால?"

"யாரு சொன்னா செத்தேன்னு?"

"போன் வந்துச்சுல! பொம்பளைக் குரலு. 'உங்கள் பங்காளி ஆவுடையப்பன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எடுத்துக்கொள்ள உடனே வரவும்'னு சொன்னா என்னல அர்த்தம்? ஆஸ்பத்திரியில வந்து எதை எடுப்பாவ? பொணத்தைத்தானல எடுப்பாவ!"

"வலியை அண்ணே. வலியில பாதியை."

"எந்த வலி?"

ஆவுடையப்பன் விரலைக் காட்டினார்.

கோமதிநாயகம் அந்த விரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். "இதுக்கா? ஏல, இதுக்கா? கேட்ட ஒடனே தலைமுழுகிட்டு, எரிஞ்ச அடுப்பைத் தண்ணி ஊத்தி அவிச்சிட்டு வந்திருக்கேன். உங்க மயினி பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கா. வர்ற செவ்வாய்க்கெழமை கொடை. கால்நாட்டியாச்சு. சாமியாடிக்கு கங்கணம் கட்டியாச்சு. பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு விழுந்துட்டு, கொடை கெடையாது, கங்கணத்தைக் கழத்துன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மேளக்காரனுக்கும் ஆளு போயாச்சு. இப்ப போயி என்ன சொல்ல? நகம் பேந்துட்டுன்னு சொல்லவா? ஊரே வாயில துணிய வச்சிச் சிரிக்கும்!"

ஆவுடையப்பன் நீட்டிய விரலை இறக்கிக்கொண்டார். உன் சாவுக்கு எனக்குத் தீட்டு இல்லை என்று சொன்னவர், ஒற்றைப் போனுக்குக் கொடையையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

"பங்காளி வந்துட்டாரா?" என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "அப்பாடா. உக்காருங்க சார், நேரமாவுது. தலையத் தொடச்சிக்கங்க, பட்டை நனையக்கூடாது."

"நான் சாவுக்கு வந்தவன்" என்றார் கோமதிநாயகம்.

"பரவால்ல, உக்காருங்க."

அரசாங்கத்து ஆள் சொன்னால் உட்கார்ந்துதான் பழக்கம். உட்கார்ந்தார். பச்சை நாற்காலியில் ஈரம் பரவியது. சிஸ்டர் விளக்கினாள், அவர் பாதிதான் கேட்டார். பொத்தான் அமுங்கியது. கோமதிநாயகத்தின் வலது நடுவிரல் தானாக மடங்கிக்கொண்டது. அவர் அதை இன்னொரு கையால் பொத்தினார். சத்தம் போடவில்லை, பங்காளி முன்னால் போடுவாரா?

ஆவுடையப்பனுக்கு, பாதி சுமையை யாரோ இறக்கி வாங்கிய மாதிரி இருந்தது. மிச்சப் பாதி இருக்கத்தான் செய்தது. ஆனால் போன பாதி எங்கே போயிற்று என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருப்பது வேறொரு அவஸ்தை. அண்ணன் பொத்தியிருந்த கையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

சிஸ்டர் பெயர்ந்த நகத்தை எடுத்து, கீழே கிழிந்திருந்த சதையில் ஊசியை ஏற்றினாள். இரண்டு பேர் கால்விரலும் ஒரே நேரத்தில் தரையைக் கெட்டியாகப் பிடித்தன.

"எந்த வண்டி?" என்றார் கோமதிநாயகம், பல்லுக்குள்ளாக.

"சுரண்டை வண்டி."

"கதவா?"

"கதவு."

இன்னொரு தையல்.

"குருட்டுக் கழுதை."

"யாரு?"

"வண்டியச் சொன்னேன்."

கட்டு முடிந்ததும் பட்டைகள் கழன்றன. கோமதிநாயகம் தன் விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார்; அதில் ஒன்றும் இல்லை. எழுந்து துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். "நான் போயி தீட்டு இல்லைன்னு சொல்லணும்" என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் கோயில் வாசலில் சொன்ன அதே சொல். அப்போது அதற்கு, நீ செத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். இப்போது, அவன் சாகவில்லை என்று அர்த்தம். ஆவுடையப்பன் இன்னும் ஏதாவது வரும் என்று நின்றார். செவ்வாய்க்கிழமை வா என்று ஒரு சொல் வரலாம். வந்தால் போய்விடலாம் என்றிருந்தது, அரைப் பங்கோ கால் பங்கோ.

கோமதிநாயகம் வாசல்வரை போய்த் திரும்பினார். "கைய நனைச்சிராத" என்றார். போய்விட்டார்.

சிஸ்டர் ஜெசிந்தா பச்சை நாற்காலியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "சாரி சார். போன வாரமும் இப்டித்தான், ஒருத்தர் மாலையோட வந்துட்டாரு. இந்த ஊர்ல பங்காளின்னா எல்லாரும் அலர்றாங்க. எங்க ஏரியால பங்காளின்னா ஃப்ரெண்டு. 'இன்னா பங்கு'ன்னுதான் கூப்டுவோம். மெட்ராஸ்ல உக்காந்து பேரு வெச்சவங்களும் அத்த நெனச்சித்தான் வெச்சாங்க. யாரு வேணாலும் உக்காரலாம்."

ஆவுடையப்பன் கட்டுப் போட்ட விரலைத் தூக்கியபடி நின்றார். "யார் வேணும்னாலுமா?"

"யாரு வேணாலும். கையில ரத்தம் ஓடுனா சரி."

"பொம்பளையாளும் உக்காரலாமா?"

"ஏன் சார், பொம்பளைங்களுக்கு வலி வராதா?"

"ரத்த சொந்தம் வேண்டாமா?"

"மிசினுக்கு இன்னா தெரியும் சொந்தம்?"

அவருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டார். "அப்போ அந்தம்மாவுக்கு நான்..."

"தாராளமா உக்காந்திருக்கலாம். உங்களுக்கு அவங்க உக்காந்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் கணக்குல ஒண்ணும் கொறையாதுதான். உங்களுதுல பாதி, அவங்களுதுல பாதி, மொத்தம் அதே. ஆனா எங்க ஏரியால அந்த மாரி மாத்திக்கினவங்க யாருமே எங்கிட்ட கணக்கு கேட்டதில்ல." துணியை மடித்தாள். "நான் உங்களப் பாத்தேனே சார். நீங்க தலையக் குனிஞ்சிக்கினீங்க. இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ரூல்."

"நீங்களாவது எடுத்திருக்கலாமேம்மா."

"எடுத்தோம் சார், மொதல்ல. காலையிலருந்து வர்றவங்களுது எல்லாம் எடுத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயி எம் புள்ளையத் தூக்க முடியல. அப்பறம் ஸ்டாஃபு எடுக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க." ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "நீங்க ஒரு புகார் எழுதுங்க சார். நாங்க சொன்னா காதுல வாங்கறதில்ல. ஜனங்க கையால எழுதிக் கடுதாசி போட்டா பதில் சொல்லியாவணும். பங்காளிங்கற பேர மாத்திடுவாங்க. துணைன்னு, ஒறவுன்னு வேற ஏதாவது வெப்பாங்க."

ஆவுடையப்பன் முகவரியை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். பேச்சித்தாய் எந்த டீக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டுவைக்கவில்லை. ஊரில் டீக்கடைக்கா பஞ்சம்? இரண்டு கடையில் எட்டிப் பார்த்தார். மூன்றாவது கடையில், கண்டுபிடித்துத்தான் என்ன சொல்வது என்று தோன்றித் திரும்பிவிட்டார். வெந்த கையை உரித்து முடித்த பிறகு, நான் உட்கார்ந்திருக்கலாமாம் என்றா சொல்வது?

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, பலகையை மடியில் வைத்து, எழுத உட்கார்ந்தார். ஒருவிரல் கட்டோடு பேனா வழுக்கியது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினார். 'ஐயா' என்று போட்ட பிறகு வெகுநேரம் பேனா ஓடவில்லை.

விஷயம் லேசானதல்ல. அந்தச் சொல் தப்பான சொல். அந்தத் தப்பினால்தான் ஒருத்தி தன்னந்தனியாகத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் அந்தத் தப்பினால்தான் கோமதிநாயகம் ஈர வேட்டியோடு ஓடிவந்தார். இயந்திரம் 'உங்கள் துணை யார்' என்று கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம்? இல்லை என்று சொல்லியிருப்போம். அண்ணன் வீட்டில் போன் அடித்திருக்காது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இனி ஒருதரம் விரலோ காலோ போகும், வயது ஏறுகிறதே; அந்தச் சொல் அப்படியே இருந்தால் அன்றைக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டே வருவார். சொல்லை மாற்றச் சொன்னால், உண்மையாகவே எடுக்க வேண்டிய நாளில்தான் வருவார்; அப்போது அவர் வந்தது தனக்குத் தெரியாது.

எழுதாமல் இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பேச்சித்தாய்க்குத் தெரியவே தெரியாது.

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

'ஐயா, தங்கள் இயந்திரம் வாசலில் "உங்கள் பங்காளி யார்" என்று கேட்கிறது. எங்கள் பக்கத்தில் இச்சொல் தகப்பன் வழி ஆண்மக்களை மட்டும் குறிக்கும். ஆகவே பெண்டாட்டி நின்றுகொண்டிருக்கத் தம்பி உட்காருகிறான். கட்டிக்கொடுத்த பெண்ணும் கணவனை இழந்த பெண்ணும் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு முழு வலியையும் தாங்குகிறார்கள். இன்று காலை அப்படி ஒருவர் தாங்கினார். எதிரே நான் இருந்தேன். என்னால் உட்கார முடியும் என்று எனக்குத் தெரியாது.

'இதற்குப் பதில் "துணை" என்றும் "உறவு" என்றும் வைக்க வேண்டாம். எந்தப் பெயரை வைத்தாலும், அது இல்லாதவர் வாசலிலேயே தலைகுனிவார். பெயரே வேண்டாம். "உங்கள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்டால் போதும். பிறகு எதிரே இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்காமல் எழுந்து வரமாட்டார்கள். கேட்டால் வராமல் இருக்கமாட்டார்கள்.'

கையெழுத்துக்கு மேலே நான்கு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. 'என் விஷயத்தில் மட்டும், மேலக்கரை கோமதிநாயகம் அவர்களுக்கு' என்று தொடங்கினார். பேனா அங்கேயே நின்றது. ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று மனு எழுதுவது அழகில்லை. அடித்துத் திருத்திய கடிதம் அனுப்பியும் பழக்கமில்லை. வேறு தாள் எடுத்து, முதலிலிருந்து அத்தனையும் திரும்ப எழுதினார். அந்த அரைவரியை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் காலை, நேரக்காப்பாளர் கூண்டில், உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டுப் போட்ட விரல் படாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். திருநெல்வேலி வண்டி தபால்பையை ஏற்றிக்கொண்டிருந்தது. பையின் வாயைக் கட்டப் போனவரைக் கைகாட்டி நிறுத்தி, உறையை உள்ளே போட்டார்.

"அவசரமா அண்ணாச்சி?" என்று கேட்டார் டிரைவர்.

"இல்லை. மெதுவாப் போகட்டும்" என்றார். பையை ஏற்றிக் கதவு மூடும்வரை பார்த்திருந்து, விசிலை ஊதி வண்டியை அனுப்பினார்.